சமூகத் தொழில்முனைவோர் ஆக என்ன குணம் வேண்டும்? சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் கடைசி வருஷம் படிப்பவர்கள், ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிகளில் நல்ல சம்பளம் வாங்கியும் மனசு ஒட்டாதவர்கள், ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்கள், சுய உதவிக் குழுவை நன்றாக நடத்திவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கும் பெண்கள் என்று பலரும் இந்தக் கேள்விகளைக் கேட்கிறார்கள். கேட்பவர் யாராக இருந்தாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். பதில்களில் என் சொந்த அபிப்பிராயமும் கலந்திருக்கிறது. அதை மறைக்க நான் முயலவில்லை.

சமூகத் தொழில்முனைவோர் என்று யாரைச் சொல்கிறோம்?

ஊரில் உள்ள ஒரு குறையைத் தீர்ப்பதையே வேலையாக எடுத்துக்கொண்டு, அந்த வேலை வருஷக்கணக்கில் நிற்கும்படி ஒரு அமைப்பையும் வருமான வழியையும் உண்டாக்குபவர். வெள்ளத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பவர் நல்ல மனிதர். 2015 டிசம்பரில் இந்த ஊரே அப்படி நல்ல மனிதர்களால்தான் பிழைத்தது. ஆனால் தண்ணீர் வடிந்த பிறகும் அதே தெருவுக்குப் போய், அடுத்த மழைக்கு என்ன செய்யலாம் என்று அங்கே இருப்பவர்களோடு உட்கார்ந்து பேசி, அதற்கு ஆளும் பணமும் திரட்டி நடத்துகிறவர் வேறு ஒரு வேலையைச் செய்கிறார். இந்தப் பக்கம் அவரைப் பற்றியது.

இது புதுசாக வந்த விஷயமா?

சொல் வேண்டுமானால் புதுசு. அவ்வை இல்லத்தை 1930-இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, புற்றுநோயில் தங்கையைப் பறிகொடுத்த துயரத்தைப் பல வருஷம் மனதில் சுமந்து, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை நடக்கத் தொடங்கும்வரை விடாமல் உழைத்தார். அவரை யாரும் இந்தப் பெயரால் அழைத்ததில்லை. நாம் இங்கே பேசப்போகும் குணங்கள் எல்லாம் அவரிடம் இருந்தன.

முதலில் இருக்க வேண்டிய குணம் எது?

கேட்பது. தைரியம், தலைமைப் பண்பு, புதுமை என்றுதான் மேடைகளில் சொல்வார்கள். அதெல்லாம் அப்புறம்.

இதற்குச் சென்னையிலேயே ஒரு நல்ல கதை இருக்கிறது. 1970-களின் கடைசியில் ஜெயா அருணாசலம் காங்கிரஸ் கட்சியில் இருந்தார். மதராஸ் குடிசைப் பகுதிகளில் வெள்ள நிவாரண வேலைக்குப் போனபோது, அங்கிருந்த பெண்களோடு பேசினார். அவர்கள் பூ, காய், மீன், இட்லி விற்றுப் பிழைத்தவர்கள். நிவாரணப் பொருளைவிட அவர்களுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது தொழிலில் போட முதல் பணம். அது இல்லாததால் காலையில் கடன் வாங்கிச் சரக்கு எடுத்து, மாலையில் வட்டியோடு திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாள் முழுக்க வெயிலில் உழைத்த காசில் பெரும்பங்கு தண்டல்காரரிடம் போனது.

அவர் கட்சி வேலையை விட்டு 1978-இல் உழைக்கும் பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். முதலில் அரசுடைமை வங்கிகளில் சிறு கடன் வாங்கிக் கொடுத்தார்கள். படிவம், நேரம், மரியாதை என எல்லாவற்றிலும் வங்கி அந்தப் பெண்களுக்குத் தூரமாகவே இருந்தது. அதனால் 1981-இல் அவர்களே தங்களுக்கென்று ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அதே தெருவில் இருக்கும் பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்பதுதான் அங்கே ஜாமீன்.

இரண்டு முறை கேட்டதை இதில் கவனியுங்கள். நிவாரணமா முதலா என்ற இடத்தில் ஒரு முறை, வங்கி ஏன் உதவவில்லை என்ற இடத்தில் இன்னொரு முறை. முதல் பதிலோடு நிறுத்தியிருந்தால், வங்கிக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் ஒரு சேவையாக அது சுருங்கிப்போயிருக்கும்.

கேட்பதை எப்படிப் பழகுவது?

கையில் ஒரு தீர்வை வைத்துக்கொண்டு போகாதீர்கள். "இது உங்களுக்கு உபயோகப்படுமா?" என்று கேட்டால் நம் ஊரில் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். வீடு தேடி வந்தவரை எப்படி மனசு நோகச் செய்வது என்று "நல்லா இருக்கும்பா" என்பார்கள். அதை ஆதரவு என்று எண்ணிக்கொண்டு திட்டம் போட்டவர்கள் நிறைய.

நேற்று என்ன நடந்தது என்று கேளுங்கள். நேற்று எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், தண்ணீர் எப்போது வந்தது, வேலைக்கு எந்த பஸ், பஸ்ஸுக்கு எவ்வளவு ஆச்சு, பையன் ஸ்கூல் விட்டு வந்தபோது வீட்டில் யார் இருந்தார்கள்? நகரத்துக்குள் இருந்து அகற்றப்பட்டு, ஊர் ஓரத்தில் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களிடம் இப்படிக் கேட்டால், பேச்சு தானாகவே தூரத்துக்கு வந்துவிடும். நகரத்துக்குள் வீட்டு வேலை செய்துவந்த பெண்ணுக்கு அந்த வேலை இப்போது இரண்டு பஸ் தள்ளி இருக்கிறது. அவருக்கு நீங்கள் கைத்தொழில் பயிற்சி தரத் திட்டமிட்டிருக்கலாம். அவர் கேட்பது காலை ஆறு மணிக்கு ஒரு பஸ்ஸாக இருக்கலாம், அல்லது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் இடமாக இருக்கலாம்.

அப்புறம், ஒரே தடவை போய்விட்டு வராதீர்கள். முதல் தடவை வருபவரிடம் ஒரு பதிலும், நாலாவது தடவை வருபவரிடம் வேறொரு பதிலும் சொல்வார்கள். நாலாவதாகச் சொல்வதுதான் பெரும்பாலும் உண்மை.

தையல் வகுப்பு தொடங்கலாம் என்று இருக்கிறேன். சரியா?

தைத்ததை வாங்க ஆள் இருக்கிறார்களா? அதற்குப் பதில் கிடைத்த பிறகு மெஷின் வாங்குங்கள்.

நல்ல மனசு இருந்தால் போதாதா? கணக்கு வழக்கெல்லாம் எதற்கு?

போதாது. இதை அழுத்தமாகவே சொல்கிறேன். ஏழைகளுக்கான வேலையில் கணக்கு தப்பினால் அடிபடுவது ஏழைதான். ஒரு மாலை நேரப் பள்ளி பணமில்லாமல் நடுவில் மூடப்பட்டால், அதை நம்பி டியூஷனை நிறுத்திய குழந்தைக்கு அந்த வருஷம் திரும்பி வராது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசு வேலையில் இருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். கூடப் பிறந்தவர்களும் அவர்கள் குடும்பங்களும் சேர்ந்து நின்றார்கள், வீட்டு நகைகள் அடகுக்குப் போயின. பணம் கட்டக்கூடியவர் கட்டுவார், முடியாதவருக்கு இலவசம், இரண்டு பேருக்கும் அதே டாக்டர்கள். நன்கொடையை நம்பி நடத்தாமல், கட்டணம் செலுத்துபவர்களிடமிருந்து வரும் வருமானத்திலேயே இலவச சிகிச்சையையும் சேர்த்து நடத்த வேண்டும் என்பது ஏற்பாடு.

அந்த ஏற்பாடு கருணையால் மட்டும் நிற்காது. ஓர் அறுவை சிகிச்சைக்கு ஆகும் செலவைக் குறைத்தால்தான் நிற்கும். அதனால் அறுவை அரங்கில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேசை போட்டார்கள். ஒருவருக்குச் சிகிச்சை நடக்கும்போதே அடுத்தவர் பக்கத்து மேசையில் தயாராக இருப்பார். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, டாக்டர் செய்ய வேண்டியதில்லாத வேலைகள் எல்லாவற்றையும் அவர்களிடம் ஒப்படைத்தார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டில் இருந்து எட்டாத விலைக்கு வந்துகொண்டிருந்தது. 1992-இல் ஆரோலேப் தொடங்கி அதைத் தாங்களே செய்து, விலையைப் பல மடங்கு இறக்கினார்கள்.

இதிலும் கேட்கும் குணம் வேலை செய்தது. சிகிச்சை இலவசம் என்று அறிவித்தும் கிராமத்தில் இருந்து பலர் வரவில்லை. விசாரித்தால் பஸ் காசு, சாப்பாடு, கூட வருபவரின் கூலி இழப்பு, பயம் என்று காரணங்கள் வந்தன. அதன் பிறகு போக்குவரத்தையும் சாப்பாட்டையும் சேர்த்தே கொடுத்தார்கள். 2017-இல் சென்னையிலும் அவர்கள் மருத்துவமனை வந்துவிட்டது. இந்தத் துறைக்கு வர நினைப்பவர்கள் ஒருநாள் அங்கே புறநோயாளிகள் பகுதியில் உட்கார்ந்து, ஆட்கள் எப்படி நகர்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வரலாம்.

அப்படியென்றால் எல்லாச் சேவைக்கும் கட்டணம் வாங்க வேண்டுமா?

இல்லை. சில வேலைகளுக்குக் கட்டணம் கேட்கவே முடியாது. வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-இல் சென்னையில் தி பான்யன் அமைப்பைத் தொடங்கியபோது இருவருமே இளம்பெண்கள். மனநலம் பாதிக்கப்பட்டுத் தெருவில் திரியும் பெண்ணை ஏற்றுக்கொள்ள இடமே இல்லை என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் இதில் இறங்கினார்கள். அந்தப் பெண்ணிடம் யார் பில் கொடுப்பது? அங்கே நன்கொடையும் அரசு உதவியும்தான் வழி.

ஆனால் அங்கேயும் வேலையை அடிக்கடி திருப்பிப் பார்க்கும் குணம் வேண்டும். குணமானவர்களைக் குடும்பத்தோடு சேர்த்துவைப்பது அவர்களின் முக்கியமான வேலை. எல்லோருக்கும் திரும்பிப் போக வீடு இருக்காது. வருஷக்கணக்கில் காப்பகத்திலேயே இருக்க நேர்ந்தவர்களுக்காக, பிற்பாடு சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு எடுத்து நாலைந்து பேராகக் குடும்பம்போல வாழும் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். நாம் கட்டிய கட்டடமே தீர்வு என்று மனசு ஒட்டிக்கொண்டிருந்தால் இது தோன்றியிருக்காது.

பிடிவாதம் நல்லதா, கெட்டதா?

எதில் பிடிவாதம் என்பதைப் பொறுத்தது. குறையைத் தீர்ப்பதில் பிடிவாதம் வேண்டும். நம் முறைதான் சரி என்பதில் பிடிவாதம் கூடாது.

கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் மலிவு விலை சானிட்டரி நாப்கின் செய்ய முயன்றபோது முதலில் பஞ்சை வைத்துத்தான் செய்தார். அது சரிப்படவில்லை. கம்பெனிகள் பயன்படுத்துவது மரக்கூழில் இருந்து வரும் நார் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. ஊர் அவரை ஒதுக்கியது, மனைவியும் சில காலம் பிரிந்திருந்தார். பொருளை மாற்றினார், முறையை மாற்றினார், இலக்கை மாற்றவில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அதற்கு அடுத்த கட்டம். நாப்கின் செய்யும் மெஷின் தயாரானதும் பெரிய கம்பெனியாக வளராமல், பெண்கள் குழுக்களுக்கு மெஷினை விற்று, அவர்களே செய்து விற்கும்படி விட்டார். 2016-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

சத்தமில்லாத பிடிவாதமும் உண்டு. சேகர் ராகவன் இயற்பியல் படித்தவர். 1990-களில் பெசன்ட் நகரில் வீடு வீடாகப் போய் மழைநீரைப் பூமிக்குள் இறக்கச் சொன்னார். அப்போது கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். 2002-இல் மந்தைவெளியில், மழைநீர் சேகரிப்பைச் செய்து காட்டும் மழை இல்லம் திறக்கப்பட்டது. 2003-இல் தமிழ்நாடு முழுக்க எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. சட்டம் வந்த பிறகும் அவருடைய வேலை முடியவில்லை, ஏனென்றால் அமைத்த குழிகளைப் பராமரிக்கவும் சொல்லித்தர வேண்டியிருந்தது. இந்த வகைப் பொறுமைக்கு விருது கிடைக்க நாளாகும். இந்த ஊரின் கிணறுகளுக்கு அது தேவை.

ஆங்கிலம் சரளமாக வராது. எம்.பி.ஏ. படிக்கவில்லை. முடியுமா?

முடியும். முருகானந்தம் 14 வயதில் பள்ளியை விட்டவர். ஆங்கிலத்தில் திட்ட அறிக்கை எழுத ஓர் ஆளைச் சேர்த்துக்கொள்ளலாம். வியாசர்பாடியில் நாலு தெருவிலும் உங்களை நம்புகிற ஆட்கள் இருப்பதை யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

வயசு தடையா?

தி பான்யன் தொடங்கியவர்கள் இருபதுகளில் இருந்தார்கள். டாக்டர் வெங்கடசாமிக்கு 58 வயது, முடக்குவாதத்தால் கைவிரல்கள் வேறு வளைந்திருந்தன. அந்த விரல்களால் கத்தியைப் பிடிக்க அவர் தன்னைப் பழக்கிக்கொண்டவர். வயசைப் பற்றிய கேள்வியை இதோடு விட்டுவிடலாம்.

நான் சம்பளம் எடுத்துக்கொள்ளலாமா? ஜனங்கள் தப்பாகப் பேச மாட்டார்களா?

எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு என்பதை எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வையுங்கள். சேவை செய்பவர் பட்டினி கிடக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அதன் விளைவு என்ன? வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் இந்த வேலைக்கு வர முடிகிறது. குறையை அனுபவித்து வளர்ந்தவர், அதை எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவர், குடும்பத்துக்குச் சோறு போட வேண்டும் என்பதற்காக வெளியே நிற்கிறார். இது பெரிய அநியாயம்.

உங்களிடம் வேலை செய்பவர்களுக்கும் இதே நியாயம்தான். ஃபீல்டில் அலையும் பெண்ணுக்குச் சம்பளத்துக்குப் பதிலாக "ஊக்கத்தொகை" என்று ஏதோ ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுப் பெண்கள் முன்னேற்றம் பற்றிப் பேசக் கூடாது.

வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. என்ன செய்வது?

அப்பா அம்மாவின் பயம் பெரும்பாலும் பணத்தைப் பற்றியது. அதற்குப் பேச்சால் பதில் சொல்வதைவிட, ஒரு வருஷ வீட்டுச் செலவைக் கையில் சேர்த்துக் காட்டுவது நல்லது. வேலையில் இருந்துகொண்டே சனி, ஞாயிறுகளில் தொடங்குவதிலும் குறைவில்லை. கடன் இருந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள்.

இதெல்லாம் அரசு செய்ய வேண்டிய வேலை அல்லவா?

பல விஷயங்களில் ஆமாம். 1920-இல் நீதிக்கட்சியின் பி. தியாகராயர் தலைமையில் மதராஸ் மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க ஏற்பாடு செய்தது. அதன் வழியில் வந்த சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் இன்று தொடும் பிள்ளைகளின் எண்ணிக்கையை எந்தத் தனி அமைப்பாலும் தொட முடியாது.

தனி ஆள் செய்யக்கூடியது, அரசு இன்னும் பார்க்காத இடத்தில் ஒரு வழியைச் செய்து காட்டுவது. 1989-இல் எம்.பி. நிர்மல் என்ற வங்கி அதிகாரி சென்னையில் எக்ஸ்னோராவைத் தொடங்கினார். ஒரு தெருவில் உள்ள வீடுகள் சேர்ந்து மாதம் ஒரு சிறு தொகை போட்டு, மூன்று சக்கர வண்டியில் வீடு வீடாகக் குப்பை எடுக்க ஒருவரை அமர்த்திக்கொள்ளும் ஏற்பாடு அது. குப்பை எடுக்கும் அந்த ஆளைத் தெருவை அழகாக்குபவர் என்று அழைத்தார்கள். பிற்காலத்தில் மாநகராட்சியே வீட்டு வாசலுக்கு வந்து குப்பை எடுக்கத் தொடங்கியது. நம் வேலையை அரசு எடுத்துக்கொண்டால் வருத்தப்படாமல் அடுத்த குறையைப் பார்க்கப் போகிற மனசு, இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் ஒன்று. கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் குப்பை மலையாய்க் குவிந்த கதையைப் பார்த்தால், குப்பையிலேயே அடுத்த குறை காத்திருப்பது தெரியும்.

டிரஸ்ட், சொசைட்டி, கம்பெனி... எதில் பதிவு செய்வது?

வேலை என்ன என்பது தெளிவாகும்வரை எதிலும் வேண்டாம். தெளிவான பிறகு சுருக்கமாக இப்படி:

நன்கொடையில் நடக்கும் சேவைக்கு டிரஸ்ட் எளிது, சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவு செய்வார்கள். உறுப்பினர்கள் சேர்ந்து முடிவெடுக்கும் சங்கம் என்றால் 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் வரும். லாபத்தைப் பங்கு பிரிக்காமல் கம்பெனி ஒழுங்கோடு நடத்த, 2013 கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு இருக்கிறது. முதலீட்டாளர்கள் வரப்போகிறார்கள் என்றால் பிரைவேட் லிமிடெட். விவசாயிகளோ நெசவாளர்களோ தாங்களே முதலாளிகளாக இருக்க வேண்டும் என்றால் உற்பத்தியாளர் கம்பெனி, அதற்குக் குறைந்தது பத்து உற்பத்தியாளர்கள் வேண்டும்.

நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்க 80ஜி, அமைப்புக்கு வருமான வரி விலக்கு கிடைக்க 12ஏ (2021 முதல் 12ஏபி), வெளிநாட்டுப் பணத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தின் அனுமதி என்று அதிகம் காதில் விழும். பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்பதும் அதே 2013 சட்டத்தில்தான் இருக்கிறது. டிரஸ்டை வைத்து வியாபாரமும் செய்ய நினைத்தால் வரிச் சிக்கல் வரும், ஆகவே முதலிலேயே ஒரு ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

நம் வேலையால் பலன் உண்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கையும் மேடைப் புகைப்படமும் பதில் ஆகாது. பயிற்சி எடுத்தவர் ஆறு மாதம் கழித்து அந்த வேலையில் இருக்கிறாரா, கடன் வாங்கியவர் தண்டலை விட்டாரா, கண் சிகிச்சை ஆனவருக்கு இப்போது பார்வை எப்படி என்று திரும்பிப் போய்க் கேட்க வேண்டும். வராமல் நின்றுபோனவரைத் தேடிப் போங்கள். வந்துகொண்டிருப்பவர்கள் சொல்லாத உண்மை அவரிடம் இருக்கும். அதைக் கேட்டுவிட்டு டோனருக்கு அனுப்பும் அறிக்கையிலும் அப்படியே எழுதுகிற நேர்மை வேண்டும்.

தொடங்கியவர் இல்லாமலும் நடக்குமா?

நடக்க வேண்டும். செக்கில் கையெழுத்து, முக்கியமான ஆட்களின் பழக்கம், பேட்டிகள் எல்லாம் ஒருவரிடமே இருந்தால் அவருக்குக் காய்ச்சல் வந்தாலும் வேலை நிற்கும். டாக்டர் வெங்கடசாமி 2006-இல் காலமானார். மருத்துவமனை அதன் பிறகுதான் சென்னைக்கே வந்தது. ஆட்களை வளர்த்து, அவர்களிடம் முடிவெடுக்கும் அதிகாரத்தையும் கொடுத்தால்தான் இது நடக்கும். பெயரில் மட்டும் பொறுப்பாளராக இருக்கும் இரண்டாம் கட்டத் தலைவர்களைப் பல அமைப்புகளில் பார்க்கிறோம். நாலு வருஷத்தில் அவர்கள் போய்விடுகிறார்கள்.

சரி, சென்னையில் இருக்கிறேன். முதல் மாதம் என்ன செய்வது?

உங்கள் மனதை உறுத்தும் குறை எந்தத் தெருவில் இருக்கிறதோ, அங்கே வாரம் இரண்டு மாலை போங்கள். ஏற்கெனவே அங்கே வேலை செய்யும் அமைப்பு ஒன்று கட்டாயம் இருக்கும். அவர்களிடம் தன்னார்வலராகச் சேர்ந்து, கணக்கெழுதும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். பணம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று தெரிந்தால் பாதி தொழில் தெரிந்த மாதிரி. தொழில் வழிகாட்டலுக்கு கிண்டியில் தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. சமூகப் பணி படிக்க விரும்பினால் எழும்பூரில் 1952 முதல் நடக்கும் சமூகப் பணிக் கல்லூரி இருக்கிறது. ஓரளவு உருவம் பிடித்த யோசனைக்கு முதலும் ஆலோசனையும் தேவைப்பட்டால், 2001-இல் இந்த ஊரில் பால் பாசில் தொடங்கிய வில்குரோவையும், தரமணியில் ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவையும் அணுகலாம்.

இவர்களைப் பார்க்கப் போகும்போது, நீங்கள் பேசிய பத்துக் குடும்பங்கள் சொன்னதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி எடுத்துப் போங்கள்.